பிரேக் அக்காவும் மில் மைதானத்து உடும்பும்

அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களை ஊரில் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். சிக்னலில் வண்டி நின்றதும் இடப்பக்க இருக்கையை ஒருமுறை பயத்தோடு பார்ப்பார்கள். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விடுவார்கள். அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சி வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் அதைவிட அவள் வாய்தான் வண்டியை அதிகம் நிறுத்தியது.

"கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கான்? தலை சீவவா?"

"அது கியர் சார். கரண்டி இல்ல. கிண்டாதீங்க."

"முன்னாடி போறது லாரி. உங்க மாமனார் இல்ல. இப்படி ஒட்டிக்கிட்டே போனா ஒண்ணும் எழுதி வெக்கமாட்டாரு."

சீட் பெல்ட்டை இழுக்கிற விதத்திலேயே ஆளை எடைபோட்டுவிடுவாள். எடைபோட்டதில் யாரும் தேறியதில்லை. உலகத்தில் மனிதர்கள் இரண்டே ரகம் என்பது அவள் கண்டுபிடிப்பு: கிளட்ச்சைப் படாரென்று விடுகிறவர்கள், கடைசிவரை விடவே மாட்டாதவர்கள். முதல் ரகம் முட்டாள், இரண்டாவது ரகம் கோழை. வீட்டுக்காரர் இந்தக் கணக்கில் வரவில்லை. அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எரிந்துபோன ஃபேன் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருப்பவர். கார் ஓட்டத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. அதனாலேயே அந்த வீட்டில் கல்யாணம் நிலைத்தது என்று அவள் தங்கை சொல்வாள்.

பயிற்சி நடப்பது மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லின் மைதானத்தில். மில்லின் இயந்திரங்களை முதலாளி விற்றுவிட்டார், கூரைத் தகரத்தைத் திருடர்கள் விற்றுவிட்டார்கள். மிச்சமிருந்தது லாரிகள் நின்ற சிமெண்ட் தளம், அதைச் சுற்றி முள்ளும் புதரும், அதைச் சுற்றி ஒரு மதில். வண்டி போய்வந்து கொண்டிருந்தால் யாரும் உள்ளே குடிசை போடமாட்டார்கள் என்று முதலாளி அவளை அனுமதித்திருந்தார். கோடை விடுமுறை வந்தால் ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் ஆசை வந்துவிடும். எதிரே சிமெண்ட் தளம் கானலில் நெளியும். காருக்குள் ஏசி கிடையாது. கற்றுக்கொள்கிறவர்களின் உள்ளங்கை வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கும். அவளுடைய வருடத்தின் மிக மோசமான காலம் அது.

அந்தக் கோடையில் ஒரு ரிட்டயர்டு கணக்கு டீச்சர் வந்து சேர்ந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அக்காவின் கணக்கில் இரண்டாவது ரகம். வண்டி அணைந்துபோகும் ஒவ்வொரு தடவையும் "சாரிம்மா" என்பார். அது தனக்கல்ல, காருக்குத்தான் என்று புரியவே அக்காவுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

"டீச்சர், அது மெஷின். அதுக்குக் கோவம் வராது. எனக்குத்தான் வரும்."

"உங்களுக்குத் தனியா ஒரு சாரிம்மா."

ஒருநாள் முற்பகலில் என்ஜின் சூடேறி ரேடியேட்டர் புகைந்தது. பானெட்டைத் திறந்து போட்டுவிட்டு இருவரும் மதில் நிழலில் உட்கார்ந்தார்கள். எதிரே துருப்பிடித்த ஒரு எண்ணெய் டிரம். அதன்மேல் ஒரு ஓணான்.

டீச்சர் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். "ஐயோ, ஓணான். தூரத்துல இருந்தே தொப்புள் வழியா ரத்தத்தை உறிஞ்சிடும்னு சொல்வாங்க."

"நீங்க பள்ளிக்கூடத்துல என்ன டீச்சர் சொல்லிக்கொடுத்தீங்க?"

"கணக்கு."

"அதான்."

சொல்லிவிட்டு அவளும் அதைப் பார்த்தாள். எத்தனையோ வருடமாக அந்த மைதானத்தில் ஓணான்கள் இருந்திருக்கின்றன. சக்கரத்தில் அகப்படாமல் ஓடினால் சரி என்பதற்குமேல் அவள் எதையும் நினைத்ததில்லை. இது கழுத்திலிருந்து தோள்வரை ரத்தச் சிவப்பாக இருந்தது. முன்னங்கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கிற்று, தாழ்த்திற்று, மறுபடி தூக்கிற்று. உடற்பயிற்சிக் கூடத்தில் கண்ணாடி முன்னால் நிற்கிற பையன்களின் அதே தோரணை. மங்கலான இன்னொரு ஆண் டிரம்மின் அடியில் தலைகாட்டியதும் பாய்ந்து விரட்டிவிட்டு, மேலேறி மறுபடியும் தன் தண்டாலைத் தொடங்கிற்று. இத்தனை கூத்தும் யாருக்காக என்றால், பக்கத்தில் வெந்த மண்நிறத்தில் ஒரு பெண் ஓணான் உட்கார்ந்திருந்தது. அது ஒரு எறும்பைத் தின்றது. அடுத்த எறும்பைத் தின்றது. மாப்பிள்ளையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

பிரேக் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அப்படியொரு சத்தம் அவளிடமிருந்து வரும் என்று டீச்சருக்குத் தெரியாது.

அந்த அலட்சியம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தான் இத்தனை காலம் மனிதர்கள்மேல் காட்டிவந்த அலட்சியமெல்லாம் வெறும் எல் போர்டு என்று தோன்றியது. அவளாவது திட்டிவிட்டு மனிதர்களைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பெண் ஓணான் அதைக்கூடச் செய்யவில்லை.

மறுநாளிலிருந்து முதல் ஆள் வருவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்துவிட்டாள். வெயில் ஏறுவதற்குள்தான் அவை உடம்பைக் காயவைக்க வெளியே வரும் என்று தானாகவே புரிந்துகொண்டாள். மிச்சத்தை ஃபோனில் படித்தாள். படித்ததில் பாதியை நம்பவில்லை. கிடக்கிற தகரத்தைத் தூக்கும்போது தன் பக்கமாகத் தூக்க வேண்டும். அப்போது உள்ளே இருப்பதற்கும் நமக்கும் நடுவே தகரம் இருக்கும், அது எதிர்ப்பக்கம் ஓடிவிடும். பார்த்தபின் இருந்தபடியே வைத்துவிட வேண்டும், அது யாரோ ஒருவருடைய கூரை. அப்படித் தூக்கிய ஒரு தகரத்தின் அடியில் அரணை ஒன்று செம்பில் வார்த்ததுபோல் கிடந்தது. வீட்டுக்காரர் சுற்றுகிற புதுக் கம்பியின் மினுக்கம். அவள் அசையாமல் நின்றாள். அதுவும் அசையவில்லை. விலாவில் மட்டும் மூச்சு போய்வந்தது.

"அரணை கடிச்சா மரணம்னு சொல்வாங்களே," என்றார் டீச்சர், பத்தடி தள்ளி நின்று.

"எதுகை நல்லா அமைஞ்சிருச்சுன்னு ஒரு பிராணியைக் கொலைகாரன் ஆக்கிட்டாங்க. அதுக்கு விஷமும் இல்ல, உங்களைக் கடிக்க நேரமும் இல்ல."

இன்னொரு நாள் இரண்டு சாரைப்பாம்புகள் புதரோரம் ஆள் இடுப்பு உயரத்துக்கு எழும்பிப் பின்னிக்கொண்டு நின்றன. ஸ்டியரிங்கில் அப்போது ஒரு பேங்க் கேஷியர். வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, "பாருங்க, பாருங்க, ஜோடி சேருது!" என்று ஃபோனை எடுத்தார்.

"ரெண்டும் ஆம்பளைங்க சார். பொம்பளைக்காக மல்லுக்கட்டுதுங்க. பார்க்கிங்ல நீங்க கட்டுவீங்களே, அது மாதிரி. ஆனா இதுங்க கெட்ட வார்த்தை பேசல, கவனிச்சீங்களா?"

ஒன்று மற்றொன்றின் தலையைத் தரையில் அழுத்தியது. தோற்றது சத்தமில்லாமல் பிரிந்து புதருக்குள் போயிற்று. வென்றது துரத்தவில்லை. கேஷியருக்கு அன்றைய பாடம் போயிற்று. அக்கா அதற்காக வருந்தவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்து ஆகப்போவது எதுவுமில்லை என்று முதல் நாளே முடிவுகட்டியிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே உடும்பு. மைதானத்தின் தென்மூலையில் மழைநீர் போகிற பழைய சிமெண்ட் குழாய் ஒன்று உண்டு. அதற்கு அப்பால் ஆளுயரக் கரையான் புற்று. வெயில் நன்றாக ஏறியதும் குழாயிலிருந்து முதலில் நாக்கு வரும், நீலமாக, இரண்டாகப் பிளந்து. பிறகு தலை. பிறகு அவசரமே இல்லாமல் மிச்சமெல்லாம். வாலோடு சேர்த்தால் அவள் கைநீட்டிய அகலம். தொந்தியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு, காலை உதறி உதறி வைத்து, பயிற்சி நடக்கிற தளத்தைக் குறுக்கே கடந்து போகும். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவாள். ஆம்புலன்ஸுக்குக்கூட வழிவிடத் தெரியாதவர்களையெல்லாம் அந்த உடும்புக்கு வழிவிட வைத்தாள்.

"இன்ஸ்பெக்டர் வராரு. கிளட்ச், பிரேக். அவர் போனதும் எடுங்க."

ஒரு நாள் டீச்சர் புற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். உடும்பு புற்றின் பக்கவாட்டில் தோண்டிய பள்ளத்துக்குள் பாதி உடம்பை விட்டு வெகுநேரம் கிடந்தது. பின்பு வெளியே வந்து பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி மூடியது.

"உங்க இன்ஸ்பெக்டர் முட்டை வெச்சிருக்காரும்மா," என்றார் டீச்சர்.

சாலையில் தப்பான பக்கம் வந்து மாட்டிக்கொண்டவர்களின் முகத்தில் வருகிற நிறம் அக்காவின் முகத்தில் வந்துபோயிற்று.

"இவ்வளவு நாளா அவர் அவர்னு சொல்லிக்கிட்டு..."

"ஸ்டார்ட் பண்ணுங்க டீச்சர்."

இந்தச் சந்தோஷத்தை அவள் தனக்குள்ளேயே வைத்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவளுக்கு வண்டியில் இரண்டு பிரேக், வாயில் ஒன்றுகூட இல்லை.

தங்கையின் கணவன் தண்ணீர் ஃபில்டர் விற்கிறவன். ஒரு வருடமாக ஃபோனில் வீடியோ போட்டுத் தன்னைப் "பாம்பு நண்பன்" என்று அழைத்துக்கொண்டிருந்தான். ராணுவக்காரர்களின் பச்சைப் புள்ளிச் சட்டை, வீட்டுக்குள்ளும் தொப்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டுக்கு நடுவே ஃபோனை நிறுத்தித் தன் புது வீடியோவை ஓடவிட்டான். அதில் அவன் கொடிபோல் ஒல்லியான ஒரு பச்சைப் பாம்பை நடுவில் பிடித்துக்கொண்டு, "கொடிய விஷம்! ஒரே கொத்துதான்!" என்று கத்திக்கொண்டிருந்தான். பாம்பு அவன் சட்டைக் கைக்குள் ஒளிந்துகொள்ள வழி தேடிக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றாள் அக்கா, "அது பச்சைப்பாம்பு. அதால உங்களை ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க கத்துறதைக் கேட்டே பாதி செத்திருக்கும்."

"அக்காவுக்கு என்ன தெரியும், கியரும் கிளட்ச்சும் தெரியும்," என்று சிரித்தான்.

அங்கேதான் வழுக்கிற்று. கேலி என்றால் அவள் கொடுப்பாள், வாங்கிப் பழக்கமில்லை. மைதானம், குழாய், உடும்பின் நீளம், புற்று, முட்டை என்று ஒன்று விடாமல் சொல்லித் தீர்த்தாள். அவனுடைய முகம் சுருங்கச் சுருங்க அவளுக்கு இனித்தது. வீட்டுக்காரர் மேசைக்கடியில் அவள் காலை ஒருமுறை மிதித்தார். காலால் மிதித்து நிற்கிற வண்டியா அது.

வேலியில் போன ஓணானை மடியில் எடுத்துவிட்ட கதை என்பார்கள். ஓணானைக் கண்டுவிட்ட இந்த மனுஷிக்கு அந்தப் பழமொழி மட்டும் கண்ணில் படவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் மைதானத்துக்கு வந்துவிட்டான். கையில் நீளமான கொக்கிக் கம்பி, கழுத்தில் கேமரா, கூட வீடியோ எடுக்க ஒரு நண்பன். டீச்சர் அப்போது ரிவர்ஸ் பழகிக்கொண்டிருந்தார். பின்கண்ணாடியில் பார்த்தபோது உடும்பு குழாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவன் பாய்ந்து வால் நுனியைப் பிடித்து இழுத்தான். உள்ளே அது நகத்தால் சிமெண்டைப் பற்றிக்கொண்டது. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன உடும்புப்பிடியை அன்றுதான் அவன் நேரில் பார்த்தான். இழுத்த வேகத்தில் பின்னால் விழுந்தான். வால் ஒரு வீச்சு வீசி அவன் கன்னத்தில் கோடு போட்டுவிட்டு உள்ளே போயிற்று.

"டீச்சர்," என்றாள் அக்கா. "ரிவர்ஸ்ல விடுங்க. நேரா குழாய்க்கு."

"அங்க ஆள் இருக்கே!"

"ஹாரன் அடிங்க. நகருவாங்க."

டீச்சர் ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே பின்னால் வந்தார். நண்பன் ஒரு பக்கம் பாய்ந்தான், தங்கை கணவன் இன்னொரு பக்கம் பாய்ந்தான். பின்பக்கம் குழாயின் வாயை அடைத்தபடி வண்டி நின்றது. கொஞ்சம் கோணல். அக்கா ஹேண்ட்பிரேக்கை இழுத்துச் சாவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

"அக்கா, வண்டியை எடுங்க. ஒரே ஒரு ஷாட்."

"வண்டி ஸ்டார்ட் ஆகல தம்பி."

"நீங்க ஸ்டார்ட்டே பண்ணலையே!"

"பண்ணாம எப்படி ஆகும்?"

அவன் கெஞ்சினான். தங்கைக்கு ஃபோன் போட்டு அக்காவிடம் கொடுத்தான். "ஏன்க்கா அவரை வெயில்ல நிக்க வெக்கிறே?" என்றாள் தங்கை. "நான் வெக்கல. தொப்பி போட்டிருக்காரு, நிக்கட்டும்," என்று சொல்லி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்தடுத்துப் பாடத்துக்கு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். காருக்குள் அவளும் டீச்சரும் வியர்வையில் குளித்தார்கள். டீச்சர் மட்டும் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "தம்பி, நீ எந்த ஸ்கூல்ல படிச்சே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கேட்ட குரலில் அவன் தானாகவே தொப்பியைக் கழற்றினான். கடைசியில் கன்னத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டான்.

போனவன் சும்மா போகவில்லை. வால் குழாய்க்குள் மறைகிற அந்தக் கண நேரத்துப் படம் அவனிடம் இருந்தது. "மில்லுக்குள் ராட்சதன்! உயிர் தப்பிய பாம்பு நண்பன்!" என்று தலைப்பு வைத்து ஏற்றினான். கன்னத்துக் கோட்டின்மேல் சிவப்பு வட்டம். அவன் பத்து தலைமுறைக்கும் பார்க்காத கூட்டம் அந்த வீடியோவைப் பார்த்தது. அதில் ஒரு பகுதி நேராக மைதானத்துக்கே வந்தது.

கூட்டம் என்றால் என்ன என்று அந்த வாரம்தான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. மதில்மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்தார்கள். குழாய்க்குள் பட்டாசு போட்டார்கள், கல் போட்டார்கள், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் போட்டார்கள். டிரம்மின்மேல் சிவந்து நின்ற ஓணானை ஒருவன் செருப்பால் அடித்துவிட்டு, "குட்டி ராட்சதன்" என்று படம் எடுத்துக்கொண்டான். அக்காவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று நின்றுவிட்டார்கள். உடும்பு அதற்குள் எங்கேயோ போய்விட்டிருந்தது. கூட்டத்துக்கு அது தெரியவில்லை. அது இல்லாத குழாயைப் பார்த்துத்தான் பயந்து பயந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள் ஒருவன் மதிலிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

மில் முதலாளி குளிர்க் கண்ணாடியோடு வந்து இறங்கினார். "எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடப் போறேன். புதர், புத்து, குழாய், ஒண்ணு விடாம. நாளைக்கு என்மேல கேஸ் போடுவான்."

"புத்தை மட்டும் விட்டுருங்க சார். அதுல முட்டை இருக்கு."

"என்ன முட்டை?"

"உடும்பு முட்டை."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தன்னிடம் வருகிறவர்களை அவள் பார்க்கிற அதே பார்வை. "வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கறதோட நிறுத்திக்கம்மா," என்றார்.

வனத்துறை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். எடுத்தவர், "யாரையாவது கடிச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "அப்ப கடிச்சப்புறம் கூப்பிடுங்க," என்று வைத்துவிட்டார்.

புல்டோசர் மறுநாள் வருவதாக இருந்தது. அன்று சாயங்காலம் அவளும் டீச்சரும் ஆளில்லாத மைதானத்தில் நின்றார்கள். செங்கல் குவியலுக்கு அடியில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. சாரையின் சட்டை. நீளமாக, கிழியாமல், கண்களின் மேல்மூடிகூட இருந்த இடத்தில் இருந்தது. அக்கா அதை உள்ளங்கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தாள்.

"இதைப் பாத்தா அந்தப் புல்டோசர் டிரைவர் பக்கத்துலயே வரமாட்டான்," என்றார் டீச்சர்.

"இது சாரை டீச்சர். எலி பிடிக்கிறது. இதுக்குப் போயி யாராவது..."

"உங்களுக்குத் தெரியும். அவனுக்கு?"

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததால் முகம் கறுத்தது. அந்தக் கோடை முழுவதும் அவள் காறித் துப்பிய பயம் அது.

"பயம் இருக்குன்னா அதை வீணாக்காதீங்கம்மா. நான் வகுப்பையே அதை வெச்சுத்தான் ஓட்டினேன்."

காலையில் புல்டோசர்காரன் வந்தபோது புற்றின் உச்சியிலிருந்து தரைவரை சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் வண்டியை விட்டே இறங்கவில்லை. மீதி மைதானத்தை வழிக்கிறேன், அந்த மூலைக்கு மட்டும் வரமாட்டேன், எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று முதலாளியிடம் ஃபோனில் சொன்னான். முதலாளி யோசித்தார். இப்படிப்பட்ட நேரத்தில் யோசிக்கிறவர்கள் செய்கிற தப்பையே செய்தார்: ஒரு நிபுணரைக் கூப்பிட முடிவுசெய்தார். ஊரில் ஃபோன் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த நிபுணர் ஒருவன்தான்.

ஆகவே அன்று மத்தியானம் பிரேக் அக்கா தங்கை கணவனின் ஃபில்டர் கடைக்குப் போக வேண்டி வந்தது. அவள் வருவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு அவன் ஃபோனில் யாரோடோ பேசுவதுபோல் பாவனை செய்தான். காலி பெட்டிகளுக்கு நடுவே அவளை நிற்கவைத்தான். பிறகுதான் நாற்காலியைக் காட்டினான்.

"அந்தப் புத்துல நல்லபாம்பு இருக்குன்னு நீங்க சொல்லணும் தம்பி. குடும்பமா இருக்கு, கலைச்சா ஊருக்குள்ள வரும்னு சொல்லணும்."

"நான் சொன்னா நம்புவாங்களா? எனக்கு என்ன தெரியும்? பச்சைப்பாம்பு பிடிக்கிறவன்."

"நம்புவாங்க."

"ஏன்?"

அவள் கடையின் கூரையைப் பார்த்தாள். "நீங்க... விஷயம் தெரிஞ்சவரு."

"கேக்கலக்கா. மோட்டார் சத்தம்."

மோட்டார் எதுவும் ஓடவில்லை. அவள் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். ரோட்டில் சிவப்பு விளக்கைத் தாண்டுவதைவிட அது கஷ்டமாக இருந்தது.

அவன் திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு குரலை இறக்கி, "நிஜமாவே உள்ள முட்டை இருக்காக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு. வெக்கிறதைப் பாத்தோம்."

"நான் பாத்ததே இல்ல," என்றான். "பிடிக்கிறதுதான். இருக்கிற இடத்துல அது என்ன பண்ணுதுன்னு நின்னு பாத்ததே இல்ல."

அந்த ஒரு கணம் அவனை வெறுப்பது அவளுக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. அடுத்த கணமே அந்தச் சிரமத்தை அவனே தீர்த்துவைத்தான்: "வீடியோ முகப்புல உங்க படத்தை வெக்கலாமா? பயந்து கத்துற மாதிரி?"

அவன் வந்து ஆடிய கூத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. புற்றின்முன் மண்டியிட்டான், காதை வைத்துக் கேட்டான், விரலை உதட்டில் வைத்து எல்லோரையும் பின்வாங்கச் சொன்னான். "உள்ள ரெண்டு பெருசு, குட்டிங்க எண்ண முடியாது," என்று முதலாளியிடம் கிசுகிசுத்தான். முதலாளி காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். டீச்சர் பவ்யமாகக் கைகட்டி நின்றார். அக்காவும் நின்றாள். முகப்புப் படத்துக்காக ஒருமுறை வாயைத் திறந்து கத்தவும் செய்தாள். கத்துவதற்கு நடிப்பு தேவைப்படவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாலே வந்தது.

தென்மூலையைச் சுற்றி முள்கம்பி போட்டு "அபாயம்" என்று பலகை மாட்டினார்கள். மற்ற எல்லாம் போயிற்று. டிரம், தகரம், செங்கல் குவியல், சாரைகள் மல்லுக்கட்டிய புதர் எல்லாவற்றையும் ஒரே நாளில் வழித்து லாரியில் ஏற்றினார்கள். புல்டோசருக்கு முன்னால் அக்கா ஒரு தகர டப்பாவைக் குச்சியால் தட்டிக்கொண்டே நடந்தாள். ஓட முடிந்தவை ஓடட்டும் என்றுதான். சில ஓடின. ஓடாதவற்றை அவள் எண்ணவில்லை. புல்டோசர்காரன் அவளைப் பார்த்து மனநிலை சரியில்லாதவள் என்று முடிவுகட்டி, அவள் நடக்கிற வேகத்துக்கே வண்டியை ஓட்டினான்.

கோடை முடிவதற்குள் இன்னொரு குடும்பச் சாப்பாடு வந்தது. தங்கை கணவன் நாகத்தை எதிர்கொண்ட கதையைச் சொன்னான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் படம் கொஞ்சம் விரிந்தது. அன்று கையை அகட்டி, இவ்வளவு என்று காட்டினான்.

"நீயும் பாத்தியாக்கா?" என்றாள் தங்கை.

வீட்டுக்காரர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்.

"பாத்தேன்," என்றாள் அக்கா. "தம்பி குறைச்சுச் சொல்றாரு." அவனுடைய கைகளைவிட இரண்டு மடங்கு அகலமாகத் தன் கைகளை விரித்துக் காட்டினாள். வீட்டுக்காரருக்குப் புரையேறிற்று. தங்கை கணவன் மட்டும் அவளையே ஒருகணம் பார்த்தான். பார்த்துவிட்டு, கேலியா பாராட்டா என்று தெரியாமல், பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

டீச்சர் லைசன்ஸ் சோதனையில் இரண்டு தடவை தோற்று மூன்றாவதில் தேறினார். அதன் பிறகும் வந்துகொண்டிருந்தார். "ரிவர்ஸ் இன்னும் சரியா வரலம்மா," என்பார். ரிவர்ஸ் அவருக்கு நன்றாகவே வந்தது. இருவரும் முள்கம்பிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டுப் புற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வழித்த மண்ணில் முதல் மழைக்குப் பிறகு புல் முளைத்தது. கம்பியோரத்தில் ஓணான்கள் திரும்ப வந்தன, ஆனால் யாருக்கும் சிவப்பு இல்லை. அது கோடையில் மட்டும் ஏறுகிற நிறம். பெரிய உடும்பை அவர்கள் மறுபடி பார்க்கவே இல்லை.

மழைக்காலம் முடிந்து வெகுநாள் கழித்து ஒரு காலை, புற்றின் பக்கவாட்டில், மூடிய பள்ளம் இருந்த இடத்தில், ஒரு ஓட்டை தெரிந்தது. உள்ளங்கை நுழையும். வாயில் ஈர மண் சிதறிக் கிடந்தது. முட்டைத்தோல்போல் வெள்ளையாக ஏதோ சுருண்டு கிடந்தது.

"பொரிஞ்சு வெளியே போயிருக்குமா?" என்றார் டீச்சர். "இல்ல, நாய் தோண்டித் தின்னிருக்குமா?"

அக்கா முள்கம்பிக்கு மேலாக எட்டி வெகுநேரம் பார்த்தாள். கால்தடம் இருந்தால் சொல்லலாம். முந்தின இரவு பருவம் தப்பிப் பெய்த மழை எல்லாவற்றையும் அழித்திருந்தது.

"தெரியல டீச்சர்."

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. அன்று புதிதாகச் சேர வந்தவன், தோளில் துண்டும் கண்ணில் குளிர்க்கண்ணாடியுமாக, பயிற்சி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து பொறுமையில்லாமல் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான்.

"கையை எடுய்யா அதுலேர்ந்து!" என்று கத்திக்கொண்டே அவள் திரும்பி நடந்தாள். "அது மணி இல்ல, நான் உன் வீட்டு வேலைக்காரி இல்ல. சீட்டை முன்னாடி இழு. கண்ணாடியைச் சரி பண்ணு. அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டு, எதிர்ல என்ன இருக்குன்னு முதல்ல பாரு."